மேல்மாடியில் கோலி விளையாடுவது யார்?

இரவு இரண்டு மணி இருக்கும். தலைக்கு நேர் மேலே யாரோ ஒரு கோலிக்குண்டைக் கீழே போட்டார்கள். டக்... டக்.. டக், டக்டக். அப்புறம் அது தரையில் உருண்டு எங்கோ போய் முட்டி நின்றது. விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். பத்து நிமிடம் கழித்து இன்னொரு கோலி.

"மேல சின்னப் பசங்க இருக்காங்களா?" என்று மனைவியின் குரல் கேட்டது. தூங்குகிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

சிங்கப்பூருக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அங் மோ கியோவில் 12 மாடிக் கட்டடம், அதில் ஏழாவது மாடியில் வாடகை வீடு. நானும் மனைவியும் எட்டு மாதக் கைக்குழந்தையும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீட்டை அங்குள்ள தமிழர்கள் 'வீவக வீடு' என்று சுருக்கிச் சொல்வார்கள். அந்த நாட்டு மக்களில் சுமார் 80 சதவீதம் பேர் இருப்பது இப்படிப்பட்ட வீடுகளில்தான். நானோ அதுவரை கும்பகோணத்தில் ஓட்டு வீட்டில் வாழ்ந்தவன். தலைக்கு மேலே ஓடு, ஓட்டுக்கு மேலே ஆகாயம். மேலேயிருந்து சத்தம் வந்தால் அது பூனை, இல்லாவிட்டால் தேங்காய்.

மறுநாள் அலுவலகத்தில் சொன்னபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. "உனக்கும் ஆரம்பிச்சாச்சா?" என்று சிரித்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு கோலிக் கதை இருந்தது. ஒருவர் வீட்டில் மேல்மாடி பல மாதமாகக் காலியாம், ஆனாலும் கோலி உருளுமாம். செத்துப்போன குழந்தை விளையாடுகிறது என்று பாட்டி சொல்லுவாள் என்றார் இன்னொருவர். அடுக்குமாடியில் வளர்ந்த சிங்கப்பூரருக்கு இது நம் ஊர்ப் புளியமரத்துப் பேய் மாதிரி. பாதி நம்பிக்கை, பாதி வேடிக்கை.

பொறியாளர்களைக் கேட்டால் பெரும்பாலும் குழாயைத்தான் கைகாட்டுவார்கள். மூன்று மாடி மேலே ஒருவர் குழாயைச் சட்டென்று மூடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது துணி துவைக்கும் இயந்திரத்தின் வால்வு கண்ணிமைக்கும் நேரத்தில் அடைத்துக்கொள்கிறது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த தண்ணீருக்குத் திடீரென்று போக வழியில்லை. ஷண்டிங்கின்போது எஞ்சின் நின்றதும் கூட்ஸ் வண்டியின் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டே போகுமே, தண்ணீரும் அப்படித்தான் பின்னோக்கி மோதிக்கொண்டே போகிறது. அந்த அழுத்த அலை நொடிக்கு 1,000 மீட்டருக்கு மேல் பாயக்கூடியது. வளைவில் முட்டித் திரும்பும், மறுபடி முட்டும், குழாயை அதன் கொக்கிகளோடு சேர்த்து உலுக்கும். 1890களின் கடைசியில் மாஸ்கோ குடிநீர்க் குழாய்கள் வெடித்துக்கொண்டிருந்தபோது நிக்கோலாய் ஜுகோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் இதை அளந்து சூத்திரமாக்கினார். நொடிக்கு வெறும் ஒரு மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், காற்றழுத்தத்தைப் போல் பத்து மடங்குக்கு மேல் அழுத்தம் ஏறிவிடும். நடக்கிற வேகத்தைவிடக் குறைவு அது. இரும்புக்கே அந்த அடி என்றால் சத்தம் வராமல் இருக்குமா? ஒவ்வொரு உலுக்கலும் முந்தியதைவிடச் சின்னதாகத் தேய்ந்துகொண்டே வரும். தேய்ந்துகொண்டே வருகிற 'டக் டக்'கை நம் மூளை குதிக்கிற பந்து என்றோ கோலி என்றோதான் படிக்கும், வேறெதுவும் அதற்குத் தெரியாது. இரவில் ஊரே குழாயை மூடிவிட்டுத் தூங்குவதால் குழாய்க்குள் அழுத்தமும் கூடுதல். தெருச் சத்தம் அடங்கியிருப்பதால் காதும் கூர்மை.

கோலி விஷயம் இவ்வளவுதான். எனக்கு நிஜமான தலைவலி வேறொன்று. தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு 'தொம், தொம், தொம்' என்று பத்து நிமிடம் கூரை அதிரும். இதற்குக் குழாய்க் கணக்கு ஒத்துவரவில்லை. யாரோ எட்டாவது மாடியில் உடற்பயிற்சி செய்கிறார், கனமான ஆள், குதிக்கிறார் என்று முடிவு செய்தேன். அவர் முகம்கூட எனக்கு மனதில் வந்துவிட்டது. ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை, சொல்லவேண்டியதை ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டு மாடி ஏறினேன்.

கதவைத் திறந்தது எழுபது வயதிருக்கும் ஒரு சீனப் பாட்டி. நாலரை அடி உயரம். கையில் தடி. அங்கே வயதான பெண்மணியை 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிட வேண்டும். "ஆன்ட்டி, காலையில் ஐந்தரைக்கு..." என்று ஆரம்பித்ததும் அவர் முகம் மலர்ந்தது. "உனக்கும் கேக்குதா? நல்லவேளை! எனக்கும் கேக்குது. மேல் வீடுதான்!" என்று விரலால் கூரையைக் காட்டினார்.

இதை அங்கேயே யோசித்திருக்க வேண்டும். ஒரே அடுக்கில் இருக்கும் எல்லாருக்கும் சத்தம் மேலேயிருந்துதான் கேட்கிறது என்றால், காதில் ஏதோ கோளாறு.

கோளாறு என்பதைவிட வரம்பு என்று சொல்லலாம். ஒலி இடது பக்கமா வலது பக்கமா என்பதைக் கண்டுபிடிப்பதில் காது கெட்டி. ஒரு காதுக்கும் மறு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்தில் உள்ள வித்தியாசத்தை வைத்து மூளை கணக்குப் போடுகிறது. அந்த வித்தியாசம் மிஞ்சிப்போனால் நொடியில் 1,500இல் ஒரு பங்கு. ஆனால் மேலேயா கீழேயா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு உதவாது, இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில்தான் வந்து சேரும். அதற்குக் காதுமடலின் மடிப்புகளை நம்ப வேண்டியிருக்கிறது. மேலேயிருந்து வரும் ஒலியை ஒரு விதமாகவும் கீழேயிருந்து வருவதை இன்னொரு விதமாகவும் அவை நிறம் மாற்றித் தரும். இந்த வித்தை கீச்சொலிகளில்தான் பலிக்கும். 'தொம்' என்ற கனத்த ஒலியின் அலை பல மீட்டர் நீளம். நம் காதுமடலோ ஆறு சென்டிமீட்டர். அலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. போதாக்குறைக்கு அதிர்வது முழுக் கூரையும் நாலு சுவரும். எங்கிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாதபோது மூளை ஊகிக்கிறது. காலடி என்றால் மேலே. வேறெங்கே?

சரி, கூரை ஏன் அதிர்கிறது? அவ்வளவு கனமான கான்கிரீட் எதற்கு இருக்கிறது?

காற்றில் வரும் சத்தத்தைத் தடுக்கக் கான்கிரீட்டைப் போல ஆள் கிடையாது. காற்று லேசு, கான்கிரீட் பாரம். காற்றின் அசைவு அந்தப் பாரத்தை ஆட்டிப் பார்த்து முடியாமல் திரும்பிப் போய்விடுகிறது. சுவரின் முகத்தில் வந்து மோதும் ஒலி ஆற்றலில் 10,000 பங்குக்குச் சுமார் 2 பங்குதான் உள்ளே நுழையும். அதனால்தான் கட்டுறுதியான சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டு டிவி கேட்பதில்லை. கேட்டால், அது திறந்த ஜன்னல் வழியாகவோ கதவிடுக்கு வழியாகவோதான் வந்திருக்கும்.

குதிகால் வேறு ஜாதி. அது காற்றைத் தட்டுவதில்லை, கட்டடத்தையே தட்டுகிறது. வாசற்படியில் கெடுபிடி காட்டிய கான்கிரீட், உள்ளே வந்துவிட்ட அதிர்வுக்கு ராஜபாட்டை போட்டுத் தருகிறது. காற்றில் நொடிக்கு 340 மீட்டர் போகும் ஒலி, கான்கிரீட்டில் 3,000 மீட்டருக்கு மேல் போகும். சின்ன வயதில் தீப்பெட்டி டெலிபோன் செய்து விளையாடியிருப்பீர்கள். கூடத்திலிருந்து கிசுகிசுத்தது கொல்லையில் கேட்கும், நடுவில் நிற்பவருக்குக் கேட்காது. ஒலியைக் காற்றில் சிதறவிடாமல் நூல் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்த்தது. அடுக்குமாடியில் சுவர், தளம், தூண், குழாய் எல்லாமே நூல்தான். எங்கேயோ ஒரு மூலையில் தட்டினால் மூன்று வீடு தள்ளி ஒரு கூரை, தீப்பெட்டியின் தாளைப் போல, பேச ஆரம்பிக்கும்.

எங்கள் வீட்டு அம்மி கொல்லைப்புறத்தில் மண்ணில் பதிந்து கிடந்தது. அம்மா மிளகாய் அரைத்தால் பக்கத்து வீட்டுக்கு நெடி போகும், சத்தம் போகாது. அடியில் பூமி இருந்தது, பூமிக்கு அடியில் யாரும் குடியிருக்கவில்லை.

தளத்தின் வழியாக எவ்வளவு சத்தம் கடக்கிறது என்று அளக்க ஒரு விசித்திரமான இயந்திரம் உண்டு. வரிசையாக ஐந்து சுத்தியல்கள், ஒவ்வொன்றும் 500 கிராம். நாலு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மாறி மாறி விழுந்து நொடிக்கு 10 அடி அடிக்கும். அதை மேல்வீட்டுத் தரையில் ஓடவிட்டுக் கீழ்வீட்டில் ஒலியை அளப்பார்கள். குதிகால் செருப்பு, நாற்காலி இழுப்பது போன்றவற்றுக்கு இது சரியான பதிலி. இந்த வகைச் சத்தத்துக்குக் கம்பளம் விரித்தாலே நல்ல பலன் கிடைக்கும். சுத்தியல் தரையைத் தொட்டு மீளும் நேரத்தைக் கம்பளம் இழுத்து நீட்டிவிடுகிறது, 'டக்' என்பது 'தப்' ஆகிவிடுகிறது.

ஓடியாடும் குழந்தையிடம்தான் இந்த வைத்தியம் தோற்கிறது. குழந்தையின் பாதம் ஏற்கெனவே மெத்து. அதன்கீழ் இன்னொரு மெத்தையைப் போட்டு என்ன ஆகப்போகிறது? அந்த அடியின் சக்தி பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். இதை அளக்கத்தான் ஜப்பானிலும் கொரியாவிலும் இரண்டரைக் கிலோ ரப்பர் பந்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கிறார்கள். தென்கொரியாவில் மாடிக்கும் மாடிக்கும் இடையிலான சத்தத்துக்குத் தனிச் சொல்லே புழக்கத்தில் இருக்கிறது, அந்த அளவுக்கு அது தேசியப் பிரச்சினை. அங்குள்ள அடுக்குமாடிகள் பலவற்றில் தளத்தைத் தாங்குவது தூணும் உத்தரமும் அல்ல, சுவர்களேதான். தளத்தில் விழுந்த அடி நேராகச் சுவருக்கு இறங்கிவிடும். தளம் 210 மில்லிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். அதுவும் போதாமல், 2022 ஆகஸ்ட் முதல், கட்டி முடித்த வீட்டிலேயே பந்தைப் போட்டுச் சோதிக்க வேண்டும், கீழே 49 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று ஆக்கினார்கள். வரைபடத்தில் அமைதியாக இருக்கும் கட்டடம் வாழ்க்கையில் அப்படி இருக்காது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட இடம் இது.

நான் என் பங்குக்குக் கைபேசியில் டெசிபெல் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டேன். ஐந்தரை மணிக்கு எழுந்து பிடித்தால் முள் 36-ஐத் தாண்டவில்லை. மின்விசிறியே அதைவிட அதிகம் காட்டியது. எனக்குப் பைத்தியமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, இந்தக் கருவிகள் மனிதக் காதைப் போல நடிப்பதற்காகக் கனத்த ஒலிகளை வேண்டுமென்றே குறைத்துக் காட்டுகின்றன. 63 ஹெர்ட்ஸில் வரும் ஒலிக்கு 26 டெசிபெலைக் கழித்துவிடுகின்றன. நெஞ்சில் வந்து இடிக்கிற 'தொம்' ஏட்டில் கிசுகிசுப்பாகப் பதிவாகிறது. அண்டை வீட்டாரோடு சண்டைக்குப் போகும் முன் கைபேசி எண்ணை ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் பாவம், தங்கள் வழக்கைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

இதில் ஒரே ஒரு நல்ல சங்கதி கிடைத்தது. எங்கள் படுக்கையறை மூன்று மீட்டர் நீளம். அந்த நீளத்துக்குள் 57 ஹெர்ட்ஸ் அலை ஒன்று, புல்லாங்குழலில் நிற்பதுபோல, சரியாகப் பொருந்தி நிற்கும். காலடி ஒலியும் ஏறத்தாழ அந்தப் பக்கம்தான். அப்படி நிற்கும் அலையின் அழுத்தம் சுவரோரத்தில் உச்சமாகவும் அறையின் நடுவில் மிகக் குறைவாகவும் இருக்கும். நாம் கட்டிலை எங்கே போடுகிறோம்? சுவரை ஒட்டி, தலைமாடு சுவரில் இடிக்கிற மாதிரி. கட்டிலைத் திருப்பி, தலை அறையின் நடுப்பக்கம் வரும்படி போட்டேன். அறை பார்க்க அசிங்கமாக ஆனது. 'தொம்' பாதியாகக் குறைந்தது.

காதடைப்பான், இரைச்சல் நீக்கும் ஹெட்போன் எல்லாம் வாங்கிப் பார்த்தாயிற்று. பஞ்சு நுரை அடைப்பான் கீச்சொலியைச் சிறப்பாகத் தடுக்கும், கனத்த ஒலியை அவ்வளவாக அல்ல. அது எலும்பு வழியாகவும் தலையணை வழியாகவும் வேறு வருகிறது. (1907இல் பெர்லினில் மாக்ஸ் நெக்வர் என்ற மருந்தாளர் மெழுகும் பஞ்சும் கலந்து உருவாக்கிய காதடைப்பானை எழுத்தாளர் காஃப்கா விடாமல் பயன்படுத்தினார். அவருக்கும் பக்கத்து வீட்டார் அமைந்தது அப்படி.) ஹெட்போன், விமானத்தின் சீரான உறுமலுக்கு எதிர் அலை செய்து அதைத் தின்றுவிடும். எப்போது விழும் என்று தெரியாத அடிக்கு அதனிடம் எதிர் அலை தயாராக இருக்காது. கடைசியில் உருப்படியாக உதவியது டேபிள் ஃபேன். அதன் 'உம்ம்' என்ற ஓசை, இரு அடிகளுக்கு நடுவிலிருந்த நிசப்தத்தை நிரப்பியது.

அந்த நிசப்தம்தான் ஆளைக் கொல்வது. ஒழுகும் குழாய்க்குப் பக்கத்தில் படுத்திருக்கிறீர்களா? சொட்டு விழும்போது வலிப்பதில்லை, அடுத்த சொட்டுக்குக் காத்திருக்கும்போதுதான் வலிக்கிறது. மழை அதைவிடப் பல மடங்கு சத்தம், அதைக் கேட்டுக்கொண்டு குழந்தைபோல் தூங்குகிறோம். மழையில் செய்தி எதுவும் இல்லை. செய்தி இருந்தால் தூங்கும் மூளைகூட எழுந்துகொள்ளும். 1960இல் பிரிட்டனில் இயன் ஆஸ்வால்டும் அவருடைய சகாக்களும் தூங்குகிறவர்களுக்கு வரிசையாகப் பெயர்களைப் போட்டுக் காட்டினார்கள். மற்ற பெயர்களைவிடத் தங்கள் சொந்தப் பெயர் வந்தபோது அவர்கள் தூக்கத்திலேயே கையை மூடிப் பிடிப்பதும், மூளை அலை துள்ளுவதும் மிகுதியாக நடந்தன. காதுக்கு இமை கிடையாது. இரவெல்லாம் யாரோ வாசலில் காவல் இருக்கிறார்கள், வருகிற ஒவ்வொன்றையும் 'இது நமக்கா?' என்று கேட்டுக்கொண்டு.

அமெரிக்காவில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரு உளவியலாளர்கள் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த சோதனைகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஆட்களை உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்லி, நடுநடுவே காது கிழியும் இரைச்சலை ஒலிக்கவிட்டார்கள். அந்த இரைச்சலின் சேர்மானம் அருமை. தட்டச்சுப் பொறி, பிரதி எடுக்கும் இயந்திரம், ஸ்பானிஷ் மொழியில் இருவர் பேச்சு, ஆர்மீனிய மொழியில் ஒருவர் பேச்சு, எல்லாம் ஒன்றாகக் கலந்து. ஒரு குழுவிடம் மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, "பொறுக்க முடியாவிட்டால் இதை அழுத்தினால் சத்தம் நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது" என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் அழுத்தவே இல்லை. இரு குழுவும் கேட்டது ஒரே சத்தம். ஆனால் சத்தம் ஓய்ந்த பிறகு கொடுத்த வேலைகளில், பொத்தான் வைத்திருந்தவர்கள் விடாப்பிடியாக முயன்றார்கள், எழுத்துப் பிழைகளைக் குறைவாகத் தவறவிட்டார்கள். பொத்தான் இல்லாதவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள்.

அயல்நாட்டில் வாடகைக்கு இருப்பவனுக்கு இல்லாதது அந்தப் பொத்தான்தான். யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் என்ன நினைப்பார்கள், வீட்டுக்காரர் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பாரா, அந்த மொழியில் கோபப்படாமல் எப்படிச் சொல்வது, எதுவும் தெரியாது. அதைவிட, அந்த ஊரின் சத்தங்களைப் படிக்கத் தெரியாது. முதல் மாதம் ஒரு ராத்திரி எதிர் வீட்டில் யாரோ சரளைக்கல்லைக் கொட்டிக் கொட்டி அள்ளினார்கள். மாஜோங் ஆட்டத்தின் வில்லைகளைக் கலைக்கிறார்கள் என்று தெரிந்ததும், அது சீட்டுக்கட்டைக் கலைக்கும் ஓசையாகிவிட்டது. கட்டடத்தின் அடியில் திறந்தவெளியாக விட்டிருக்கும் தரைத்தளத்தில் ஒரு வாரம் மலாய்க் கல்யாணம், கொம்பாங் என்ற மேளம். அடுத்த வாரம் சீனர் வீட்டுத் துக்கம், ஓதுதலும் சேகண்டியும். ஏழாம் சாந்திர மாதம் வந்துவிட்டால் ஆவிகளை மகிழ்விக்க மேடைக் கச்சேரி. நம் ஆட்களும் இந்தக் கணக்கில் உண்டு. தைப்பூச ஊர்வல வழியில் இசைக்கு 1973இல் போட்ட தடை, 2016இல்தான் சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி என்ற அளவுக்குத் தளர்ந்தது. உறுமி ஒருவருக்கு முருகன், இன்னொருவருக்கு டெசிபெல்.

சட்டம் ஓரளவு பொத்தான் செய்து தர முயல்கிறது. சிங்கப்பூரில் இரவு 10:30 முதல் காலை 7 வரை அமைதி நேரம் என்று சொல்லிவந்தார்கள். 2022இல் அமைத்த ஆலோசனைக் குழு ஒன்று 10 முதல் 8 வரை நீட்டச் சொன்னது. 1998 முதல் சமரச நிலையம் இருக்கிறது, 2015 முதல் அண்டைவீட்டுப் பூசலுக்கென்றே நடுவர் மன்றம் இருக்கிறது. சமரசம் எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு அங்கே எல்லாரும் சொல்லும் உதாரணம், 2011இல் செய்தியான குழம்பு விவகாரம். இந்தியக் குடும்பம் ஒன்று, பக்கத்து வீட்டுக்குச் சீனாவிலிருந்து குடிவந்தவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் குழம்பு வைப்பதாகச் சமரசத்தில் ஒப்புக்கொண்டதாம். ஊர் கொதித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடெங்கும் குழம்பு வைத்தார்கள், சீனர்களும் மலாய்க்காரர்களும் சேர்ந்து.

ஜெர்மனியில் இருக்கும் என் நண்பனுக்கு வேறு அனுபவம். குடிபோன முதல் ஞாயிறன்று அலமாரி மாட்டச் சுவரில் துளை போட்டான். மூன்றாவது துளைக்குள் வாசலில் மூவர். அங்கே ஞாயிறு ஓய்வுநாள் என்பது 1919ஆம் ஆண்டின் வைமார் அரசமைப்பில் 139ஆவது பிரிவு, 1949இல் இன்றைய அரசமைப்பிலும் அதை அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். "ஒரு ஆணிக்கு அரசியல் சட்டத்தையே மீறிட்டேன்டா" என்றான். ஆனால் அங்கே இருப்பது தனக்கு நிம்மதி என்றும் சொல்கிறான். எப்போது சத்தம் வராது என்பது தெரிந்திருக்கிறதாம்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். ஊரிலிருந்து வரும்போதே கிரைண்டரைக் கொண்டுவந்திருந்தோம். அங்கும் 230 வோல்ட்தான், பிளக்கை மாற்றினால் போதும். அலுவலகம் விட்டு வந்து, சாப்பிட்டு, குழந்தை தூங்கிய பிறகு ஒன்பதரைக்குச் சமையலறைத் தரையில் வைத்து ஓடவிடுவோம். எங்களுக்கு அந்தக் கடகடப்பு உறுத்தியதே இல்லை, சத்தம் நம்முடையது அல்லவா! ஒருநாள் கதவிடுக்கில் ஒரு சீட்டு கிடந்தது. ஆங்கிலத்தில், மரியாதையாக: 'ராத்திரி நேரத்தில் தரையில் என்ன இயந்திரம் ஓட்டுகிறீர்கள்?' கீழே வீட்டு எண். ஆறாவது மாடி.

கூச்சமாகிவிட்டது. போய்ப் பேசும் முன் சரிசெய்துவிடலாம் என்று கிரைண்டரின் அடியில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டேன். ஒன்றும் மாறவில்லை, விரிப்பு மெல்லியது, கெட்டி. பழைய ரஜாயை நாலாக மடித்து வைத்தேன், கிரைண்டர் ஆடிக்கொண்டே நகர்ந்து குளிர்பெட்டியை முட்டியது. விஷயம் இதுதான்: அடியில் போடுவது வில்லாக வேலை செய்ய வேண்டும். பாரத்தை ஏற்றும்போது அது ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால், அந்த அமைப்பின் சொந்த ஆட்டம் நொடிக்குச் சுமார் 16 தடவை. அதைப்போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளைத்தான் அது தளத்துக்குப் போகாமல் தடுக்கத் தொடங்கும். நாலு மில்லிமீட்டர் அமுங்கினால் சொந்த ஆட்டம் எட்டாகக் குறையும், தடுப்பு இன்னும் கீழ்வரை போகும். அமுங்கவும் வேண்டும், ஆடவும் கூடாது என்றால் பாரத்தைக் கூட்ட வேண்டும். கட்டுமானச் சாமான் கடையில் ஒரு நடைபாதைக் கல்லையும், உடற்பயிற்சிப் பாயின் துண்டுகளையும் வாங்கினேன். கீழே பாய்த் துண்டுகள், மேலே கல், அதன்மேல் கிரைண்டர். தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். முன்பு விரல் நுனிவரை ஏறிய நடுக்கம் இப்போது தேடினால்தான் கிடைத்தது.

இந்தத் தைரியத்தில் ஆறாவது மாடிக்குப் போனேன். கதவைத் திறந்தவர் ஒரு மலாய் அம்மாள். அவர்களை 'மக்சிக்' என்று கூப்பிடுவது வழக்கம். உள்ளே வா என்றார். கிரைண்டர் என்றால் என்ன, மாவு ஏன் இவ்வளவு நேரம் அரைபட வேண்டும் என்று விளக்கியபடியே சமையலறைப் பக்கம் பார்த்தேன். டைல்ஸ் தரையில், சுவரை ஒட்டி, கருங்கல் உரல் ஒன்று, அதற்குள் குழவி. பக்கத்தில் தட்டில் நாளைக்காக ஊறும் காய்ந்த மிளகாய்.

"மக்சிக், சம்பல் இடிப்பீங்களா?"

"தினமும்! காலையில் தொழுதுட்டு, அஞ்சரைக்கு. மிக்சியில் அடிச்சா ருசியே வராது, அடிக்."

அடிக் என்றால் தம்பி. எட்டாவது மாடியில் குதித்துக்கொண்டிருந்த கனத்த ஆசாமி என் மனதிலிருந்து அந்த நிமிடம் வீடு காலி செய்துகொண்டு போனார். ஒரு மாதமாக நான் அண்ணாந்து பார்த்துப் பல்லைக் கடித்த சத்தம் என் காலுக்குக் கீழேயிருந்து சுவர் வழியாக ஏறி, என் கூரையில் போய்ப் பேசியிருக்கிறது. சொன்னேன். முதலில் நம்பவில்லை, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உரலுக்கடியில் வைக்கப் பாய்த் துண்டு மிச்சமிருக்கிறது, கொண்டுவருகிறேன் என்றேன். கிரைண்டரை இனி சனிக்கிழமை மாலை ஆறுக்குப் போடுகிறோம் என்றும் சொன்னேன்.

"ஆறு மணி வேணாம், நாடகம் இருக்கு. அஞ்சுக்குப் போட்டுக்க."

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் மறுபடி கூப்பிட்டார். கேட்கலாமா கூடாதா என்று தயங்குகிற முகம்.

"தப்பா எடுத்துக்காதே, அடிக். ராத்திரி ரெண்டு மணிக்கு உன் பிள்ளை எதுக்குக் கோலி விளையாடுது?"